படம் எனக்கு, பசி யாருக்கு?

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடந்த ஒளிப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற படத்தை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். நூலகத் தாழ்வாரத்தில் இன்றும் அது தொங்குகிறது. மார்கழிப் பனி மூடிய கண்மாய். கிழக்கே ஒரு கீற்று வெளிச்சம். அதன் குறுக்கே நூற்றுக்கணக்கான உள்ளான்கள் ஒரே வீச்சில் எழும்பிப் பறக்கும் காட்சி. ‘பனியில் ஒரு பறவைத் தோரணம்’ என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தேன். ஆம், அதை எடுத்தவன் நான்தான். பேராசிரியப் பெருமக்கள் பாராட்டினார்கள், நண்பர்கள் கைகுலுக்கினார்கள். அந்தப் பாராட்டுக்கு நான் தகுதியுடையவன்தானா என்ற கேள்வி ஓராண்டுக் காலமாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த உறுத்தலின் விளைவே இக்கட்டுரை.

குளிர்காலம் வந்துவிட்டால் பறவைகளையும் விலங்குகளையும் படம் எடுக்கும் ஆர்வம் இன்று நம்மிடையே பெருகி வருகிறது. நல்ல ஆர்வந்தான், வளர வேண்டிய ஆர்வந்தான். ஆனால் எப்படி எடுத்தாலும் சரி, படம் நன்றாக வந்தால் போதும் என்ற எண்ணமும் கூடவே வளர்கிறது. அது தவறு என்பது என் கருத்து. அத்தவற்றைச் செய்தவன் என்ற முறையில் அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் எனக்கு உண்டு.

அன்று நடந்தது

எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் மார்கழி விடியற்காலை ஒரு தனி அழகு. மேல்நாடுகளைப் போல இங்கே தண்ணீர் உறைவதில்லை, வெண்பனி கொட்டுவதுமில்லை. வெயிலுக்கே பழகிப்போன நமக்கோ, வெப்பம் இருபது பாகையை ஒட்டி இறங்கினாலே பல் கிட்டிவிடுகிறது. உளுந்துச் செடியிலும் பாசிப்பயற்றுக் கொடியிலும் பனித்துளி கோத்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த கண்மாய், ஓரங்களில் வற்றத் தொடங்கிச் சேறு தெரியும். அந்தச் சேற்றைத் தேடித்தான் உள்ளான்கள் வருகின்றன.

உறவினர் ஒருவர் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்மாய்க் கரையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளான்கள் குனிந்த தலை நிமிராமல் சேற்றைக் குத்திக் கொண்டிருந்தன. என் கேமராவில் பதிந்தவை வெறும் பழுப்புப் புள்ளிகள். போட்டிக்கோ இரண்டே நாள் இருந்தது. பொறுமை இழந்தேன். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினேன். கூட்டம் ‘விர்’ரென்று எழும்பியது. படம் விழுந்தது. சரியாக அமையவில்லையோ என்ற ஐயத்தில், அவை வந்து இறங்கியதும் இன்னொரு கட்டியை வீசினேன். பிறகு இன்னொன்று. மூன்றாம் முறை எடுத்ததுதான் பரிசு பெற்ற படம்.

கரைமேல் ஆட்டுக் கிடைக்குக் காவல் இருந்த பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார்.

“ஏய்யா, அதுகள ஏன் இப்படிக் கெளப்பி விடுத? ராத்திரி பூரா குளிருல கெடந்துட்டு இப்பத்தான எர எடுக்குதுக?”

“ஒரு படத்துக்குத்தான் தாத்தா.”

“சரிதான். படம் ஒனக்கு, பசி அதுகளுக்கா?”

அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஆடுகளிடம் திரும்பிப் போய்விட்டார். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரிசு வாங்கிய அன்று மேடையில்தான் அந்தக் கேள்வி மீண்டும் என் காதில் ஒலித்தது.

குளிரும் பசியும்

விலங்கியல் மாணவனாகிய நான் அந்தக் கேள்விக்கு விடை தேடினேன். பெரியவர் சொன்னது வெறும் இரக்கப் பேச்சன்று. அதில் அறிவியலும் அடங்கியிருந்தது.

பறவையின் உடல் வெப்பம் நம்முடையதைவிட மிகுதி. ஏறத்தாழ 40 முதல் 42 பாகை வரை இருக்கும். அந்த வெப்பத்தை இரவு முழுவதும் காத்தாக வேண்டும். உடல் சிறுத்திருக்கச் சிறுத்திருக்க வெப்பம் வெளியேறுவது விரைவாகும் என்பது இயற்பியல். எனவேதான் குளிர்ந்த காலையில் மைனாவும் புறாவும் இறகை உப்பிக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருக்கின்றன. இறகுகளுக்கிடையே அடைபடும் காற்றே அவற்றுக்குக் கம்பளி. இரவில் கரைந்த கொழுப்பை ஈடுசெய்ய, இரை தேடும் பொழுது கிடைத்தவுடன் அவை உண்டாக வேண்டும்.

கொசு உள்ளானையே எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் வடக்கே, ஆர்க்டிக் நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அங்கே உறைபனி வருமுன் கிளம்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம்மூர்ச் சேற்றுக்கு வருகிறது. பங்குனி, சித்திரையில் அதே தொலைவைத் திரும்பக் கடக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கு வேண்டிய எரிபொருளை அது இங்கேதான் சேர்த்துக்கொள்கிறது. வேறு வகையாகச் சொன்னால், நம் கண்மாய் அதற்கு வழிச்சோறு கட்டித் தரும் வீடு. உண்ணும்போது ஒருமுறை எழுப்பினால் இரண்டு நட்டம்: உண்ணும் நேரம் போகிறது; பறப்பதால் உடலில் உள்ளதும் செலவாகிறது. ஒருவன் ஒரு முறை எழுப்பினால் உயிர் போய்விடாது என்பது உண்மையே. ஆனால் இன்று கைக்குக் கை கேமரா இருக்கிறது. காலையில் நான், பகலில் நீங்கள், மாலையில் இன்னொருவர் என்று எழுப்பிக்கொண்டே இருந்தால் அந்தக் கண்மாயில் அவற்றுக்கு என்ன மிஞ்சும்?

விருந்தினர் வந்து இலையில் அமர்ந்திருக்கும்போது, “எழுந்து நில்லுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டா? விருந்தோம்பலைப் போற்றும் நாம், கடல் கடந்தும் மலை கடந்தும் வந்த விருந்தை இப்படி நடத்தலாமா?

துப்பாக்கி போய்க் கேமரா வந்தது

இதற்கு மறுப்பாக நண்பர் ஒருவர் சொன்னார்: “ஒரு காலத்தில் துப்பாக்கியால் சுட்டார்கள். நாம் கேமராவால்தானே சுடுகிறோம்? இதில் என்ன குற்றம்?”

வரலாற்றைப் பார்த்தால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இராசத்தானத்துப் பரத்பூரில், அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. அந்தக் கணக்கு அங்கே கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே சதுப்பு நிலம் பின்னர் தேசியப் பூங்காவாகி, 1985இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. குளிர்காலத்தில் இன்று அங்கே செல்வோர் கேமராவோடுதான் செல்கிறார்கள். வேட்டைத் துப்பாக்கியை விடுத்துப் படம் எடுத்தவர்களுள் புலி வேட்டையில் பெயர்பெற்ற ஜிம் கார்பெட்டும் ஒருவர். வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, அது தடுக்கியதும் கேமரா தானே இயங்கும்படி செய்து, இரவில் புலியைப் படம் பிடித்தார். அந்த அனுபவங்களைக் கூறும் அவரது நூல் 1927இல் வெளிவந்தது.

ஆக, துப்பாக்கியைக் கேமரா வென்றது ஒரு நாகரிக வளர்ச்சியே; அதில் ஐயமில்லை. ஆனால் கருவி மாறினால் போதுமா? கை மாற வேண்டாமா? நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அதில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். கொல்வது மட்டும் வேட்டை அன்று. பிடிப்பதும், கண்ணி வைப்பதும், துரத்துவதும், விரட்டுவதும், இரை வைத்து ஈர்ப்பதும் அவ்விளக்கத்தில் அடங்குகின்றன. பறவையின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் அப்படியே. கல்லால் அடித்துக் கொன்றவன் மட்டுமல்லன், கூட்டைக் கலைத்தவனும் வேட்டைக்காரனே என்கிறது சட்டம். அன்று என் கையில் இருந்தது கேமரா. நான் செய்த செயலின் பெயரோ வேறு!

இரண்டு வகைப் பொறுமை

நல்ல படம் வேண்டுமென்றால் கொஞ்சம் தொந்தரவு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. இக்கலையின் முன்னோடிகள் அப்படிச் செய்யவில்லை என்பதே அவர்களுக்கு என் விடை.

இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி கியர்டன் என்னும் சகோதரர்கள் இருந்தனர். கூட்டில் முட்டையோடு கூடிய காட்சியை 1892இலேயே படமாக்கியவர்கள் அவர்கள். பறவை தங்களைக் கண்டு அஞ்சக்கூடாது என்பதற்காக, உள்ளீடற்ற ஒரு மாட்டு உருவத்தைத் தோலால் செய்து, அதன் வயிற்றுக்குள் நின்றுகொண்டு படம் எடுத்தார்கள். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். பறவைகளோ, மாடுதானே என்று மேய்ந்துகொண்டிருந்தன. நவீனக் கருவி எதுவுமில்லாத காலத்தில் அவர்களிடம் இருந்தது பொறுமை ஒன்றே.

நம் மண்ணின் மைந்தர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகத் திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர் மா. கிருஷ்ணன். கல்கத்தாவிலிருந்து வந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதியவர், தமிழிலும் எழுதியவர். பல பாகங்களைத் தாமே இணைத்து உருவாக்கிய கேமராவைச் சுமந்துகொண்டு, கறுப்பு வெள்ளையில் யானையையும் காட்டெருமையையும் புள்ளிமானையும் எடுத்தார். தென்னாட்டுக் காடுகளில் அலைந்து பெரிய பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கைக்கு அந்தப் படங்களே சான்றாயின. அவருக்குப் படம் என்பது சுவரில் மாட்டும் அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. இந்த விலங்கு, இந்தக் காட்டில், இந்தக் காலத்தில், இப்படி வாழ்ந்தது என்பதற்கு அது சாட்சியாக இருந்தது.

என் படத்தை அந்தக் கண்கொண்டு பார்க்கிறேன். அது எதற்குச் சாட்சி? உள்ளான்கள் மார்கழியில் கண்மாயில் எப்படி வாழ்கின்றன என்பதற்கா? இல்லை. மண்ணாங்கட்டிக்கு அவை எப்படி அஞ்சும் என்பதற்கே சாட்சி. நான் அழித்துவிட்ட பழுப்புப் புள்ளிப் படங்களில்தான் உண்மை இருந்தது. அவற்றில் அவை இரை எடுத்துக்கொண்டிருந்தன.

கேமராவே இல்லாமல் படம் எடுத்த புலவர் ஒருவரும் நம் தமிழில் உண்டு. சத்திமுத்தப் புலவர் பாண்டியன் தலைநகரில் ஆடையின்றிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது வானில் பறந்த செங்கால் நாரையைப் பார்த்துப் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதன் அலகைப் பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார் அவர். பனங்கிழங்கு நம் பகுதியில் தை மாதத்துப் பண்டம். அதைப் பிளந்து பார்த்தவர்க்கு அவ்வுவமையின் நுட்பம் விளங்கும். தெற்கே வந்து வடக்கே திரும்பும் பறவை அது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தாம் குளிரில் வாடியபோதும் பறவையை நின்று பார்த்த கண் அது. அந்தக் கண் இல்லாதவன் கையில் எவ்வளவு விலையுயர்ந்த கேமரா இருந்து என்ன பயன்?

எங்கே போவது?

பறவையையும் விலங்கையும் துன்புறுத்தாமல் படமெடுக்க நம் பக்கத்தில் இடமா இல்லை?

தூத்துக்குடி – திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டிய வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. 1987இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர். வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடியில் உள்ளது இதுவே. வெளிமானின் காவல் அதன் கண்ணும் காலுந்தான். ஆள் நெருங்குவதைத் தொலைவிலேயே கண்டு தாவிவிடும். துரத்துகிறவனுக்கு அதன் முதுகுதான் கிடைக்கும். அனுமதி பெற்று உள்ளே சென்று, அசையாமல் காத்திருப்பவனுக்கே முறுக்குக் கொம்போடு முழு உருவம் கிடைக்கும்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாயிற்று. உலகின் சிறப்புமிக்க ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்ற செய்தி 2022இல் வெளியானது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே குளிர்காலத்தில் காணலாம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்பதை உணர்ந்த ஊர்மக்கள் அவற்றைத் தம் வீட்டுப் பிள்ளைகளாகக் காக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. பிள்ளைகளின் பட்டாசு ஆசையையே அடக்கிக்கொண்ட ஊர்கள் அவை! ஒரு படத்து ஆசையை அடக்க நமக்கு முடியாதா?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். “கூந்தன்குளத்துப் பறவைகள் மனிதனுக்கு அஞ்சுவதில்லையே, பக்கத்தில் போனால் என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். அவை அஞ்சாதது, நாள்தோறும் ஒரே விதமாக நடந்து, தம்மைத் தொந்தரவு செய்யாமல் கடந்து போகும் ஊர்மக்களை. மரத்தடியில் கூடிக் கூச்சலிட்டு, கிளையை ஆட்டி, கூட்டை எட்டிப் பார்க்கும் வெளியூரானை அன்று. ஊரார் பல தலைமுறையாகச் சம்பாதித்த நம்பிக்கையை நாம் ஒரே விடுமுறையில் செலவழித்துவிடக்கூடாது.

தூத்துக்குடி உப்பளங்களில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்குகின்றன. கரிசல் தரிசுகளின் மேல் பூனைப்பருந்துகள் தாழப் பறக்கின்றன. இரவில் அவை தரையிலேயே கூட்டமாகத் தங்குவன. எனவே அவை தங்கும் புல்வெளியை ஊரறியச் சொல்லிவிடக்கூடாது. இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நம் கல்லூரி வேப்பமரத்தடியும் ஊர்ப் பூங்காவுமே போதும். மார்கழிக் காலையில் வேலிக்கல்லின் மேல் ஓணான் ஏறி, உடலின் ஒரு பக்கத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். செம்போத்து செம்பழுப்புச் சிறகை விரித்து வெயில் காயும். வண்ணத்துப்பூச்சி இறக்கை சூடேறும் வரை இலைமேல் விரித்தபடி அமர்ந்திருக்கும். குளிர் நமக்குத் தரும் வரம் இதுவே: ஓட வேண்டிய உயிர்கள் சற்று நேரம் நிற்கின்றன. நாமும் நின்றால் போதும்.

கைப்பழக்கமும் மனப்பழக்கமும்

இளைய நண்பர்களுக்கு என் சிறு அனுபவத்திலிருந்து சில சொல்வேன். குளிர்காலத்துச் சூரியன் காலையில் தாழ்வாகவும் மென்மையாகவும் ஒளி வீசும். முதல் இரண்டு மணி நேரமே படத்துக்கு ஏற்றது. நின்று எடுக்காமல், விலங்கின் கண்மட்டத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும். வெண்பனியைக் கண்டு கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்ட வேண்டும். அமர்ந்திருப்பதற்கு நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். பறப்பதற்கு 1000இல் ஒரு பங்காவது வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த உடனே லென்சில் ஆவி படியும். பையிலேயே சிறிது நேரம் வைத்து எடுக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் லென்சில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது நலம்.

இவை கைப்பழக்கம். இவற்றினும் மேலானது மனப்பழக்கம். பறவை உண்பதை நிறுத்தித் தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தால், அதுவே எல்லை. அதற்கு மேல் ஓரடியும் வைக்கக்கூடாது. கூடு, குஞ்சு இவற்றை எடுக்கவே கூடாது. கூட்டின் அருகே நாம் பதித்த தடத்தைப் பற்றிக்கொண்டு காகமும் பூனையும் வரும். கூட்டருகே போவது நமக்கும் ஆகாது; எரிக் ஹோஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் படக்கலைஞர் 1937இல் ஆந்தைக் கூட்டின் அருகே ஒரு கண்ணையே இழந்தார்.

ஸ்டூடியோ உறவினர் ஒன்று சொல்வார். பிலிம் சுருள் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்கள்தாம். ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு. ஆகவே பத்து முறை பார்த்து ஒரு முறை எடுத்தார்கள். இன்று ஒரு முறைகூடப் பாராமல் நூறு முறை எடுக்கிறோம். எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த மகாகவி பாரதியாரின் படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். அந்தச் சிலவற்றைக் கொண்டுதான் நாம் அவர் முகத்தை அறிகிறோம். வீட்டுக்கு வாங்கி வைத்த அரிசியைச் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்துவிட்டு மகிழ்ந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் பிறந்த மண்ணைச் சேர்ந்த நான் குருவியின் இலையிலிருந்து சோற்றைத் தட்டிவிட்டேன்!

நான் வேண்டுவன

குறை கூறுவதோடு நின்றால் அது புலம்பலாகிவிடும். எனவே முதல்வர் அவர்கள் முன்பும் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, இனி நம் கல்லூரிப் போட்டிக்கு வரும் ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நாள், ஊர், எடுத்த முறை, அவ்வுயிர் அப்போது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்ல வேண்டும். விரட்டி எடுத்தது, இரை வைத்து எடுத்தது, பிடித்து வைத்து எடுத்தது, கூட்டை எடுத்தது ஆகியவற்றைத் தள்ளிவிட வேண்டும். “எப்படித் தெரியும்? பொய் எழுதினால்?” என்று கேட்கலாம். எழுதச் சொன்னால் நூற்றுக்கு நூறு உண்மை வந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் சென்ற ஆண்டு அப்படி ஒரு கேள்வி படிவத்தில் இருந்திருந்தால், பொய் எழுதப் பேனாவை எடுக்கும்போதாவது என் கை நடுங்கியிருக்கும்.

இரண்டாவது, கல்லூரிக்கென ஒரு பறவை ஏடு தொடங்க வேண்டும். ஐப்பசி முதல் பங்குனி வரை எந்தப் பறவை எந்த நாளில் முதலில் தென்பட்டது, எந்த நாளில் கடைசியாகத் தென்பட்டது என்பதைச் சாதாரணக் கைப்பேசிப் படத்தோடு பதிய வேண்டும். இதற்கு நீண்ட லென்ஸ் வேண்டாம், பெருஞ்செலவு வேண்டாம். விலையுயர்ந்த கேமரா வாங்க இயலாத நம்போன்ற அரசு கல்லூரி மாணவர்களுக்கு இதைவிட நல்ல களம் இல்லை. மங்கலான படமாயினும் நாளும் இடமும் எழுதப்பட்டிருந்தால் பத்தாண்டு கழித்து அது ஓர் ஆவணம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் நம் மாணவர்கள் செல்லலாம்.

மூன்றாவது வேண்டுகோள் நம் மனத்துக்கு. நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் நினைத்தபோதெல்லாம் குளித்துவிட முடியாது. முதலில் படுகையை ஆய்வார்கள். சிப்பி முதிர்ந்திருந்தால்தான் அவ்வாண்டு குளிக்க அனுமதி. இல்லையேல் காத்திருக்க வேண்டும். கடலிலிருந்து முத்தை எடுக்கவே காலம் பார்த்த மரபில் வந்த நாம், கரையிலிருந்து ஒரு படத்தை எடுக்கவும் காலம் பார்ப்போமாக. கிடைத்தால் மகிழ்வோம், கிடைக்காவிட்டால் பார்த்த மகிழ்ச்சியோடு திரும்புவோம்.

இந்த மார்கழியிலும் அதே கண்மாய்க்குப் போனேன். கட்டி எதையும் எறியவில்லை. மூன்று நாட்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் ஓர் உள்ளான், சேற்றைக் குத்திக்கொண்டே, என்னைப் பொருட்படுத்தாமல், பத்தடி தூரம் வரை வந்தது. அதன் அலகின் நுனியில் ஒரு புழு நெளிந்தது. படம் எடுத்தேன். சற்றுக் கலங்கலாகத்தான் வந்திருக்கிறது, பரிசுக்கு நிற்காது. கரைமேல் இருந்த பெரியவர் இந்த முறை இறங்கி வரவில்லை. அதுவே எனக்குப் பரிசு.

இறுதியாக ஒன்று. நூலகத் தாழ்வாரத்துப் படத்தைக் கழற்றிவிடுங்கள் என்று முதலில் கேட்க எண்ணினேன். கழற்றிவிட்டால் என் குற்றந்தான் மறையும். பாடமும் சேர்ந்து மறையும். எனவே அது அங்கேயே இருக்கட்டும். ‘பனியில் ஒரு பறவைத் தோரணம்’ என்ற பெயரை மட்டும் அழித்துவிட்டு, அதன் கீழே ஒரே ஒரு வரியை எழுத அனுமதி வேண்டுகிறேன்: “இரை எடுத்துக்கொண்டிருந்த பறவைகளை மூன்று முறை கட்டி எறிந்து விரட்டி எடுத்த படம்.”

அதைப் படித்த பிறகும் படம் அழகாகத் தோன்றுகிறதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.